நரிக்கு எந்தத் துவக்கு? ஒரு தாயின் கடிதத்திற்குப் பதில்



மன்னார்ப் பகுதியிலிருந்து வாசகி ஒருவர் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் அவுஸ்திரேலியாவில், விக்ரோறியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஒரு செம்மறிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். மறிகள் குட்டி ஈனும் காலம் வருவதற்குள் நரி சுடப் பழகிக்கொள்ளும்படி பண்ணைக்காரர் சொல்லியிருக்கிறார். எந்த றைபிள் தோதாக இருக்கும் என்று விசாரித்து வைக்கும்படியும் கேட்டிருக்கிறார்.

“வெடிச்சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடி ஒளிச்சு வளர்ந்த பிள்ளை. இப்ப அவனையே துவக்குத் தூக்கச் சொல்லினம். ஒரு நரிக்கு றைபிள் வேணுமோ? வேணுமெண்டால் எது ஆபத்துக் குறைஞ்சது? விளக்கமா எழுதுங்கோ” என்பது அந்தத் தாயின் வேண்டுகோள்.

நாம் துவக்கு விற்பவர்களும் அல்லர், வேட்டைக்காரரும் அல்லர். ஆயினும் ஆடு வளர்ப்பவரின் இழப்பு எமக்குத் தெரியும். பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பியவரின் பயமும் தெரியும். அவுஸ்திரேலியாவின் நாட்டுப்புறங்களில் எம்மவர் பலர் இன்று வேலை செய்கின்றனர். ஆகவே இக்கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. அறிந்தவற்றை ஒழுங்காக எழுதுகிறோம்.

அந்த நாட்டு நரி

அங்குள்ள நரி எமது ஊர் நரியன்று. அது ஐரோப்பாவின் செந்நரி. நாய்களை விட்டுத் துரத்தி வேட்டையாடும் விளையாட்டுக்காக 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயக் குடியேறிகள் அதை விக்ரோறியாவுக்குக் கொண்டுவந்தனர். 1870களில் அது அங்கே தானாகப் பெருகத் தொடங்கியது. 1859இல் அதே மாநிலத்தில் வேட்டைக்காக அவிழ்த்துவிடப்பட்ட முயல்கள் நாடெங்கும் பரவ, அவற்றின் பின்னால் நரியும் பரவியது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குள், வடக்கே உள்ள வெப்பப் பகுதி தவிர, அவுஸ்திரேலியப் பெருநிலம் முழுவதையும் அது பிடித்துக்கொண்டது.

அந்த மண்ணின் சிறு பிராணிகளுக்கு இப்படியான எதிரி முன்னர் இருந்ததில்லை. பல இனங்கள் அருகிப் போனமைக்கு நரியும் காட்டுப்பூனையும் பெரும் காரணங்கள். ஆகவே அங்கே நரி சுடுவது பொழுதுபோக்கு மட்டுமன்று. பண்ணைக்காரரின் கடமைகளுள் ஒன்றாகவும் கருதப்படுகிறது.

வளர்ந்த நரியின் நிறை பெரும்பாலும் 4 முதல் 8 கிலோ வரைதான். அடர்ந்த மயிரினால் அது பெரிதாகத் தோன்றும். தோலுக்குள்ளே இருக்கும் உடல் ஒரு பெரிய வீட்டுப் பூனையை விடச் சற்றே பெரியது. இதயமும் நுரையீரலும் உள்ள நெஞ்சுப் பகுதி ஓர் ஆளின் உள்ளங்கை அளவே. பின்னர் நாம் சொல்லப்போகும் அனைத்துக்கும் இந்த உள்ளங்கை அளவுதான் அடிப்படை.

குட்டி எப்படிச் செத்தது?

துவக்கை எடுக்குமுன் செத்த குட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும். செம்மறிக் குட்டிகளின் சாவில் பெரும்பகுதி பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் நிகழ்கிறது. குளிர், பால் கிடையாமை, தாய் விட்டு விலகிப் போதல், கடினமான பிரசவம் ஆகியவையே அதிகமான குட்டிகளைக் கொல்பவை. விடியற்காலையில் நரி ஒரு குட்டியைத் தின்பதைக் கண்டால் நரிதான் கொன்றது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது முன்னரே செத்துக் கிடந்த குட்டியாகவும் இருக்கலாம்.

உண்மையை அறிய வழிகள் உண்டு. கடிபட்ட இடத்தில் தோலை உரித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால் தோலின் கீழ் இரத்தம் கண்டிக் கறுத்திருக்கும். செத்தபின் கடித்திருந்தால் அப்படிக் கண்டியிராது. குளம்பின் அடியில் பிறக்கும்போது இருக்கும் மென்மையான சவ்வு தேய்ந்திருந்தால் குட்டி எழுந்து நடந்திருக்கிறது. நுரையீரலில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட மிதந்தால் அது மூச்சு விட்டிருக்கிறது. வயிற்றில் பால் இருந்தால் தாய் ஊட்டியிருக்கிறது.

பத்துக் குட்டிகளை இப்படிப் பார்த்து, எட்டு பசியாலும் குளிராலும் செத்தவை என்று கண்டால் அந்தப் பண்ணைக்குத் தேவை றைபிளன்று. காற்றுக்கு மறைப்பும் மறிகளுக்கு நல்ல தீனியுமே தேவை. பெரும்பாலானவை உயிரோடு கடிபட்டவை என்று கண்டால் நரியைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

சட்டம் சொல்வது

1996 ஏப்ரல் 28ஆம் திகதி தஸ்மானியாவின் போட் ஆதர் என்ற இடத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன்பின் அந்நாட்டு அரசுகள் அனைத்தும் துவக்குச் சட்டத்தை இறுக்க உடன்பட்டன. இலட்சக்கணக்கான துவக்குகள் பணம் கொடுத்துத் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. துவக்கு வைத்திருக்க விரும்புபவர் தக்க காரணம் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. பண்ணைத் தொழிலும் தீங்கு செய்யும் விலங்குகளைக் கட்டுப்படுத்தலும் தக்க காரணங்கள். “என் பாதுகாப்புக்காக” என்பது காரணமாக ஏற்கப்படுவதில்லை.

பாதுகாப்புப் பயிற்சி, அனுமதிப்பத்திரம், ஒவ்வொரு துவக்குக்கும் தனித்தனியான வாங்கும் அனுமதி, பூட்டிய பெட்டகம், ரவைகளை வேறாகப் பூட்டி வைத்தல் ஆகியவை கட்டாயம். தானாக மீள நிரப்பிச் சுடும் றைபிள்கள் சாதாரண ஆட்களுக்குக் கிடையா. ஒவ்வொரு வெடிக்கும் கையால் பூட்டை இழுத்துத் தள்ளும் ‘போல்ற்’ வகை றைபிளே பண்ணைகளில் வழக்கம். நரிக்கு அது போதும். முதல் வெடி சரியாக விழாவிட்டால் இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் புழுதியைத்தான் கிளப்பும்.

ஆகவே அந்த மகன் முதலில் செய்ய வேண்டியது தன் பெயரில் அனுமதிப்பத்திரம் பெறுவது. பண்ணைக்காரரின் துவக்கைப் பத்திரமின்றித் தொடவே கூடாது.

ரவைகளும் அவற்றின் தூரமும்

சிறு துளை றைபிள்கள் இரு குடும்பத்தவை. ரவையின் அடிவிளிம்பில் ஊசி அடிக்க வெடிப்பவை ‘றிம்பயர்’ எனப்படும். அடியின் நடுவே ‘கேப்’ பொருத்தியவை ‘சென்ரர்பயர்’. முதற் குடும்பம் மலிவு, சத்தம் குறைவு, வலுவும் குறைவு. இரண்டாவது விலையும் வலுவும் கூடியது. நரிக்குப் பேசப்படும் முக்கிய ரவைகள் இவை:

.22 லோங் றைபிள். 1887இல் வந்தது. உலகில் மிகவும் பரவலான ரவை இதுவே. 2.6 கிராம் சன்னம் செக்கனுக்கு 380 மீற்றர் அளவில் புறப்படும். முயலுக்குச் சிறந்தது. நரிக்கு 50 மீற்றருக்குள், அசையாமல் நிற்கும்போது, தேர்ந்த கைக்கு மட்டுமே. 50 மீற்றருக்குக் குறி சரிசெய்த இந்தத் துவக்கின் சன்னம் 100 மீற்றரில் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடும். அதாவது நரியின் நெஞ்சைப் பார்த்துச் சுட்டால் காலை முறிக்கும்.

.22 மக்னம். 1959இல் வந்தது. அதே எடைச் சன்னத்தை 570 மீற்றர் வேகத்தில் அனுப்பும். 80, 90 மீற்றர் வரை நரிக்கு நம்பலாம்.

.17 எச்.எம்.ஆர். 2002இல் வந்தது. சன்னம் 1.1 கிராம் மட்டுமே. வேகம் 775 மீற்றர். குறி மிகத் துல்லியம். ஆனால் இவ்வளவு இலேசான சன்னத்தைக் காற்று எளிதில் தள்ளும். நரியின் தோளெலும்பில் பட்டால் உள்ளே போகுமுன் சிதறவும் கூடும். முயலுக்கும் பூனைக்கும் அருமை. நரிக்கு 100 மீற்றருக்கு உள்ளேயே.

.22 ஹோர்னெற். 1930இல் வந்த பழைய ரவை. சென்ரர்பயர்களுள் மிகவும் சாதுவானது. 2.9 கிராம், 820 மீற்றர் வேகம். 150 மீற்றர் வரை நரியைத் துன்பமின்றி வீழ்த்தும். அயலில் வீடுகள் உள்ள சிறு பண்ணைகளில் இதன் குறைந்த சத்தத்துக்கு இன்றும் மதிப்புண்டு.

.222 றெமிங்ரன். 1950இல் வந்தது. 3.2 கிராம், 955 மீற்றர். துல்லியத்துக்குப் பெயர்பெற்றது. 200 மீற்றர் வரை.

.223 றெமிங்ரன். 1964இல் வந்தது. 3.6 கிராம், 985 மீற்றர். 200 மீற்றருக்குக் குறி சரிசெய்தால் 100 மீற்றரில் சன்னம் 4 சென்ரிமீற்றர் அளவே மேலே நிற்கும். ஆகவே இடையில் எந்தத் தூரத்திலும் நெஞ்சைப் பார்த்தே சுடலாம். ரவை எங்கும் கிடைக்கும். சென்ரர்பயர்களுள் மலிவும் இதுவே.

.22-250 றெமிங்ரன். 1965இல் கடைக்கு வந்தது. 1,100 மீற்றரைத் தாண்டும் வேகம். 300 மீற்றர் வரை போகும் வலு உண்டு. ஆனால் சத்தம் பெரிது, குழாய் விரைவில் தேயும், ரவை விலை கூட.

இதே கேள்வி காட்டுப்பூனைக்கும் காட்டுநாய்க்கும் எழுவதுண்டு. பூனைக்கு றிம்பயர் போதும். 15, 20 கிலோ நிறையுள்ள காட்டுநாய்க்கு .223க்குக் குறைந்தது கூடாது; பலர் 1955இல் வந்த .243 வின்செஸ்ரரையே எடுப்பர். எனினும் டிங்கோ நாய்க்குச் சில இடங்களில் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

எதைத் தெரிவது?

மேலே உள்ள பட்டியலில் அதிக வலுவுள்ளதே நல்லது என்று எண்ண வேண்டாம். பண்ணையை நடந்து பார்த்து மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

முதலாவது, நரி வழக்கமாக எவ்வளவு தூரத்தில் தென்படுகிறது? மரங்களும் மேடுகளும் உள்ள சிறு வயல்களில் அது 80 மீற்றரில் தென்படும். மேற்கு விக்ரோறியாவின் திறந்த புல்வெளிகளில் 200 மீற்றருக்கும் அப்பால் நிற்கும்.

இரண்டாவது, அதன் பின்னால் என்ன இருக்கிறது? .22 லோங் றைபிள் சன்னம்கூட ஒன்றரை மைல், அதாவது 2.4 கிலோமீற்றர் போகக் கூடியது. மற்றவற்றுள் வலுக் கூடியவை அதற்கும் அப்பால் போகும். நரிக்குப் பின்னால் மண் மேடு தெரிய வேண்டும். வானம் தெரிந்தால் சுடக் கூடாது. மேட்டின் உச்சியில் நிற்கும் நரியை, அது எத்தனை குட்டிகளைக் கொன்றிருந்தாலும், விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, சுடுபவரின் கை எவ்வளவு தூரத்துக்கு நம்பத்தக்கது? ஒரு கடதாசியில் உள்ளங்கை அளவு வட்டம் வரைந்து 50 மீற்றரில் வையுங்கள். நரி சுடும்போது எப்படி இருப்பீர்களோ அப்படியே இருந்து ஐந்து வெடி வையுங்கள். ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தால் 75க்குப் போங்கள், பின்னர் 100க்கு. எந்தத் தூரத்தில் ஒன்று வெளியே போகிறதோ அதற்கு முந்திய தூரமே உங்கள் எல்லை. துவக்கின் எல்லை 250 ஆக இருக்கலாம். உங்கள் எல்லை 100 ஆனால் 100தான்.

இம்மூன்றையும் வைத்துப் பார்த்தால், மேற்கு விக்ரோறியாவின் திறந்த வெளிப் பண்ணைக்கு .223 அல்லது .222 பொருந்தும் என்பது எமது கருத்து. ரவை எளிதில் கிடைப்பதால் இரண்டில் .223ஐ முன்னே வைப்போம். அயலவர் நெருக்கமான சிறு பண்ணையாயின் ஹோர்னெற்றோ .22 மக்னமோ போதும். புதிதாகப் பழகுபவர் முதல் மாதங்களில் .22 லோங் றைபிளை வைத்துக் கடதாசியில் மட்டும் சுட்டுப் பழகுவது நல்லது. அதன் உதைப்பு மிகச் சிறிது, ரவையும் மலிவு. வெடிச்சத்தத்தில் கண் மூடும் பழக்கம் உள்ளவருக்கு இது மிகவும் உதவும்.

வலுக் குறைந்த துவக்கு இரக்கமான துவக்கு என்று நினைப்பதும் தவறு. சிறிய சன்னம் தவறான இடத்தில் பட்ட நரி வளைக்குள் போய் நாட்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். அந்தந்தத் தூரத்தில் ஒரே வெடியில் உயிர்போக்கும் வலு கட்டாயம் வேண்டும். அதற்கு மேலான வலுவால் பயனில்லை.

சன்னமும் குழாயும்

றைபிள் வாங்கும்போது சன்னத்தின் வகையையும் கேளுங்கள். முழுவதும் செம்பு உறை போட்ட சன்னம் நரியை ஊடுருவி மறுபுறம் போய்விடும். நரி காயத்தோடு ஓடும், சன்னமும் தரையில் பட்டுத் தெறிக்கும். நுனியில் ஈயம் தெரிகின்ற அல்லது பிளாஸ்ரிக் நுனி வைத்த, உள்ளே விரிந்து உடையும் இலேசான சன்னமே வேண்டும். வேகமான சென்ரர்பயர் சன்னம் மண்ணில் பட்டாலும் பெரும்பாலும் உடைந்துவிடும். மெதுவான .22 சன்னமோ கல்லிலும் நீரிலும் தெறித்துப் பறக்கும். சத்தம் சிறிது என்பதால் ஆபத்தும் சிறிது என்று கொள்ளக் கூடாது.

குழாயின் உட்புரியும் சன்னத்துக்குப் பொருந்த வேண்டும். .223இல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழாய் 3.6 கிராம் வரையான சன்னங்களுக்கு ஏற்றது. 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ளது கனமான சன்னங்களையும் நிலைப்படுத்தும். வாங்கிய ரவையில் இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே தொடர்ந்து பாவியுங்கள்.

சுட்ட நரியின் உடலை வெளியில் விடாமல் புதைப்பது நல்லது. உடலில் சிதறிய ஈயத்தைத் தின்னும் கழுகுகளுக்கு அது நஞ்சு. நரியில் சொறியும் புழுக்களும் இருக்கும்; கையுறையின்றித் தொட வேண்டாம்.

இரவில் கவனம்

நரி பெரும்பாலும் இரவில் வருவதால் பெரு வெளிச்ச விளக்கோடு அல்லது உடற்சூட்டைக் காட்டும் கருவியோடு போவது அங்கே வழக்கம். விளக்கில் மின்னும் கண்ணைப் பார்த்து மட்டும் ஒருபோதும் சுடக் கூடாது. நாயின் கண்ணும் மின்னும். செம்மறியின் கண்ணும் மின்னும். சூட்டுக் கருவியில் விலங்கு வெள்ளையாகத் தெரியும். ஆனால் இடையிலுள்ள கம்பி வேலியோ பின்னாலுள்ள குளிர்ந்த தகரக் கொட்டிலோ தெளிவாகத் தெரியாது. ஆகவே பகலில் நடந்து பார்த்து, எந்தத் திசையில் சுடலாம், எந்தத் திசையில் கூடாது என்று முன்னரே குறித்து வைக்க வேண்டும். முழு உடலையும் கண்டு, இது நரிதான் என்று உறுதியான பின்பே விரல் விசைக்குப் போக வேண்டும்.

அங்கே நரிகள் ஓகஸ்ற், செப்ரெம்பர் மாதங்களில் குட்டி போடும். பாலூட்டும் பெண் நரியைச் சுட்டால் வளையிலுள்ள குட்டிகள் பட்டினி கிடந்து சாகும். இயன்றவரை அக்காலத்துக்கு முன்னரே நரிகளைக் குறைத்துக்கொள்வது நல்லது.

துவக்கு மட்டும் போதாது

ஒரு பண்ணையில் நரிகளைச் சுட்டு முடித்தால் சில வாரங்களில் அயலிலிருந்து வேறு நரிகள் வந்துவிடும். ஆகவே அயற்பண்ணைகள் ஒன்றுசேர்ந்து ஒரே காலத்தில் செய்தால்தான் பயன் உண்டு. நஞ்சிட்ட இரையும் அங்கே அனுமதியோடு வைக்கப்படுகிறது. அது பண்ணை நாய்களையும் எளிதில் கொல்லும் என்பதால் கவனம் மிக வேண்டும்.

காவல் விலங்குகளும் உள்ளன. இத்தாலியின் மரெம்மா இனக் காவல் நாய் செம்மறிகளோடேயே வளர்ந்து அவற்றைத் தன் கூட்டமாகக் கருதும். அல்பாக்காவும் கழுதையும் நரியைத் துரத்தும். விக்ரோறியாவின் வார்ணம்பூல் நகரருகே மிடில் ஐலண்ட் என்ற சிறு தீவில் நூற்றுக்கணக்கில் இருந்த சிறு பெங்குயின்களை நரிகள் தின்று, 2005இல் பத்துக்கும் குறைவாக ஆக்கிவிட்டன. 2006 முதல் அங்கே மரெம்மா நாய்களைக் காவல் வைத்தார்கள். சில ஆண்டுகளில் பெங்குயின்கள் மீண்டும் நூறைத் தாண்டின. ஊருக்கு அருகே துவக்கு உதவாத இடத்தில் நாய் உதவியது.

எமது மண்ணில்

இதை வாசிக்கும் எமது ஆடு வளர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எமது ஊர் நரி இம்மண்ணுக்கு உரியது, வெளியிலிருந்து வந்ததன்று. வயல் எலியையும் நண்டையும் செத்த உடலையும் தின்று எமக்கு உதவி செய்வது. மேலே சொன்ன துவக்குக் கணக்கு எமக்கு வேண்டாம். ஆனால் செத்த குட்டியை உரித்துப் பார்க்கும் வழக்கமும், குட்டி ஈனும் மறியை இரவில் உறுதியான பட்டிக்குள் அடைப்பதும் எமக்கும் பொருந்தும். காட்டுப் பாதைகளில் கட்டுத்துவக்கு வைப்பது சட்டவிரோதம். அது நரியையும் மனிதரையும் வேறுபாடு பார்ப்பதில்லை. அதனால் காலிழந்தவர்களை நாம் அறிவோம்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு ஒரு வார்த்தை. நரிக்குப் பெரிய துவக்கு தேவையில்லை. தக்க துவக்கு தேவை. ஆபத்துக் குறைந்த றைபிள் என்று ஒன்று கடையில் இல்லை. பூட்டி வைத்த பெட்டகமும், பின்னால் மண் மேடு உண்டா என்று பார்க்கும் கண்ணும், ஐயம் வந்தால் விரலை எடுக்கும் மனமுமே ஆபத்தைக் குறைப்பவை. வெடிச்சத்தத்துக்கு அஞ்சி வளர்ந்த பிள்ளைக்கு ஒரு சன்னம் என்ன செய்யும் என்பதை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் அவரை நல்ல கவனமுள்ளவராக ஆக்கக் கூடும். சுட மனம் ஒப்பவில்லையாயின் அதையும் பண்ணைக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லட்டும். குட்டி பார்க்கவும், வேலி திருத்தவும், காவல் நாய் பழக்கவும் அங்கே ஆள் வேண்டும். அவையும் நரியிடமிருந்து குட்டிகளைக் காக்கும் வேலைகள்தான்.